சுக்குக்குச் சத்தம் வராது

9 மார்ச் 2025, ஞாயிறு

காலை பதினொரு மணிக்கு வசுமதி போன் செய்தாள். என் நாத்தனார். இவர் போய் ஆறு வருஷமாகியும் அந்த உறவு மட்டும் கழன்றபாடில்லை. எடுத்த எடுப்பில் சிரிப்பு. குவீனிக்கு மாப்பிள்ளை பார்த்தாகிவிட்டதாம். போன திங்கள்கிழமை ஆண்பூனையைக் கொண்டுவந்து மூன்று நாள் வீட்டிலேயே தங்க வைத்தார்களாம். மாப்பிள்ளைக்குச் சால்மன் மீனாம்.

குவீனி என்று அவள் சொல்வது என் சுக்கை. நான்கு வருஷத்துக்கு முன் என் கைக்கு வந்தது. நிறம் அப்படியே சுக்குதான். ஒரு முடியை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தால் அடியில் வெளுப்பு, நுனியில் பழுப்பு. எடை இரண்டு கிலோவைத் தாண்டாது. முகத்தில் பாதி கண். பசித்தாலும் பயந்தாலும் வாயைத் திறக்குமே தவிர சத்தம் வராது. சிங்கப்பூரா என்று இந்த ஊர்ப் பெயரையே வைத்திருக்கும் இனம். ஆனால் இந்த ஊரில் பத்துப் பேரைக் கேட்டால் ஒன்பது பேருக்குத் தெரியாது.

வீவக என்கிற அரசு அடுக்குமாடி வீட்டில் பூனை வைக்கக்கூடாது என்று சட்டம் இருந்த காலம் அது. ஈசூனில் பாதி வீட்டில் திருட்டுத்தனமாகப் பூனை இருந்தது, என் வீட்டிலும் இருந்தது. 2023 ஆகஸ்டில் யாரோ புகார் கொடுத்து, அதிகாரி கதவைத் தட்டினார். வசுமதிக்குத் தரைவீடு, செராங்கூன் தோட்டத்தில். சட்டம் அவளைத் தொடாது. கொஞ்ச நாள் வைத்துக்கொள் என்று கூடையோடு கொடுத்தேன். போன வருஷம் சட்டம் மாறியது. தீபாவளிக்குப் போனபோது பூனையைத் திருப்பிக் கேட்டேன். "நீங்க குடுத்துட்டீங்கதானே அண்ணி, இப்ப எப்படிங்க?" என்றாள், முறுக்கு வைத்த தட்டை என் பக்கம் தள்ளிக்கொண்டே.

புகார் கொடுத்தது யார் என்று நான் கண்டுபிடிக்கத் தேவையில்லை. புகாரில் 'ஓயாமல் கத்தும் பூனை' என்று இருந்ததாக அதிகாரியே சொன்னார். சத்தமே வராத பூனையைக் கத்துகிறது என்று எழுத, அதன்மேல் ஆசை பிடித்த ஒருத்தியால்தான் முடியும்.

எனக்கு இரண்டு வேண்டும். சுக்கு என் வீட்டுக்கு வர வேண்டும். வசுமதி அழ வேண்டும்.

10 மார்ச், திங்கள்

பாலிகிளினிக்கில் ரத்தம் எடுத்தார்கள். சர்க்கரை ஏறியிருக்கிறது. வரும் வழியில் கீரை, டவுகுவா சோயாக்கட்டி, ஒரு பாக்கெட் சோப்புத்தூள்.

மத்தியானம் அலமாரியின் மேல்தட்டிலிருந்து பிஸ்கட் டப்பாவை இறக்கினேன். உள்ளே மிஸ் அன்னெகேயின் கடிதம். விலங்கு மருத்துவமனையில் கூண்டு கழுவும் வேலையில் நான் இருபத்திரண்டு வருஷம் இருந்தேன். அங்கே வழக்கமாக வரும் டச்சுக்காரப் பெண்மணி அவர். ஊருக்குத் திரும்பும்போது அவ்வளவு டாக்டர்கள் இருக்க, பூனையை என்னிடம் கொடுத்தார். இனச் சான்றிதழ் கூடையின் பக்கவாட்டுப் பையில் இருந்தது, கூடையோடு வசுமதிக்குப் போய்விட்டது. கடிதம் மட்டும் என்னிடம்.

ஆங்கிலத்தில் இரண்டு பக்கம். முதல் பக்கம் பூனை எங்கிருந்து வந்தது என்ற கதை. இந்த ஊர்ச் சாக்கடைகளில் பிடித்த பூனைகளிலிருந்து வந்த இனம் என்று ஒரு கட்சி. இல்லை, முதல் பூனைகள் அமெரிக்காவிலிருந்தே இங்கே வந்து திரும்பிப் போனவை என்று இன்னொரு கட்சி. இரண்டாம் பக்கம்தான் முக்கியம். இந்த இனத்தில் சில தாய்களுக்குப் பிரசவத்தில் கருப்பை நடுவழியில் சோர்ந்துவிடுமாம். முக்கும், பிறகு நிறுத்திவிடும், தூங்குவதுபோல் கிடக்கும். அப்போது உடனே வயிற்றைக் கிழித்து எடுக்காவிட்டால் குட்டிகள் போகும், தாயும் போகலாம். சுக்கின் அம்மா அப்படிக் கிழித்துப் பிழைத்தது. பாட்டி பிழைக்கவில்லை. 'இவளைக் குட்டி போட விடாதீர்கள்' என்று அடிக்கோடு போட்டிருக்கிறார்.

கருத்தடை செய்திருக்கலாம். எனக்குத்தான் கத்தி வைக்க மனம் வரவில்லை.

கடிதத்தை மடித்து டப்பாவில் வைத்தேன். மூன்றாம் தேதியிலிருந்து அறுபத்து மூன்று நாள் எண்ணினேன். மே ஐந்து.

சொல்ல மாட்டேன்.

16 மார்ச், ஞாயிறு

லிஃப்ட் பழுது. ஏழு மாடி ஏறினேன். முழங்கால் போயிற்று.

2 ஏப்ரல், புதன்

ஸ்கேன் எடுத்தார்களாம், மூன்று குட்டி. வாட்ஸ்அப்பில் படம் வந்தது. மூன்று வெள்ளைப் புள்ளி. அடுத்த நிமிஷமே போன்.

"அண்ணி, டாக்டர் ஒண்ணு கேட்டாரு. இதோட அம்மாவுக்குப் பிரசவத்துல ஏதும் பிரச்சினை இருந்துச்சான்னு. அந்த வெள்ளைக்காரம்மா உங்ககிட்ட ஏதும் சொன்னாங்களா?"

நான் அடுப்பில் நெத்திலி வறுத்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் சொல்லவில்லையே என்றேன். சரி அண்ணி என்று வைத்துவிட்டாள். நெத்திலி கொஞ்சம் கருகிவிட்டது. அப்படியே சாப்பிட்டேன்.

அவளாகக் கேட்டாள், நானாகப் பொய் சொன்னேன். இங்கே எழுதி வைப்பதில் என்ன இருக்கிறது. இந்த நோட்டை யார் படிக்கப்போகிறார்கள்.

14 ஏப்ரல், திங்கள்

சித்திரை ஒன்று. ஒவ்வொரு வருஷமும் சாப்பாடு வசுமதி வீட்டில். போகாவிட்டால் ஏன் போகவில்லை என்று சொந்தம் முழுக்கக் கேட்கும். மாங்காய்ப் பச்சடியில் வேப்பம்பூவைக் கண்ணால் தேட வேண்டியிருந்தது.

சாப்பிட்டதும் பூனையின் வரலாற்றுப் பிரசங்கம். இது நம் சிங்கப்பூர் மண்ணின் பூனை, சாக்கடையில் பிறந்து உலக மேடை ஏறியது என்று வந்தவர்களுக்கெல்லாம் சொன்னாள். அவள் மகள் மெல்பர்னிலிருந்து வீடியோவில் கைதட்டினாள். கடிதத்தின் முதல் பக்கம் எனக்கு நாக்கு நுனி வரை வந்தது. முதல் பக்கத்தைச் சொன்னால் இரண்டாம் பக்கம் எங்கே என்பாள். விழுங்கிவிட்டேன்.

சுக்கு ஃபிரிட்ஜ் மேல் உட்கார்ந்திருந்தது. அதற்கு எப்போதும் உயரம் வேண்டும். என் குரல் கேட்டதும் இறங்கி வந்து மடியில் ஏறிக்கொண்டது. நான் கூப்பிடவில்லை. குவீனி குவீனி என்று வசுமதி நான்கு தரம் கூப்பிட்டாள், காது கூட அசையவில்லை. எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்க எழுந்து போய்த் தண்ணீர் குடிக்க வேண்டியதாயிற்று.

மடியில் இருந்தபோது வயிற்றில் கை வைத்தேன். உள்ளே ஏதோ நகர்ந்ததுபோல் இருந்தது. இந்த வாரத்தில் அப்படித் தெரியாது, பிரமையாக இருக்கும்.

27 ஏப்ரல், ஞாயிறு

பூனைக்கு வளைகாப்பு. பொய்யில்லை. அழைப்பிதழ் கூட அடித்திருந்தாள், போனில் வந்தது. புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, தயிர்ச்சோறு, வடை, பாயசம். மனையில் பட்டுத்துணி விரித்து அதன்மேல் சுக்கு. மகள் திருமணமாகி ஏழு வருஷம், குழந்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். வளைகாப்பு செய்ய வீட்டில் வேறு ஆள் இல்லை, பூனைக்குச் செய்கிறாள். பாவம் என்று ஒரு கணம் நினைத்தேன். ஒரு கணம்தான்.

முன்கால் அளவுக்குச் சின்னச் சின்னக் கண்ணாடி வளையல்களை லிட்டில் இந்தியாவில் சொல்லிச் செய்திருந்தாள். பெண்கள் வரிசையாகப் போய்ச் சந்தனம் தொட்டு, வளையலைக் காலில் போட்டு எடுத்துத் தட்டில் வைத்தார்கள். சிரிப்பும் செல்ஃபியுமாக இருந்தது. நானும் எழுந்தேன். வளர்த்தவள் நான்தானே. இரண்டடி வைத்திருப்பேன். வசுமதி வந்து என் தோளில் கை வைத்தாள். அவள் குரலில் அவ்வளவு மரியாதை.

"அண்ணி, நீங்க உக்காருங்க. தப்பா எடுத்துக்காதீங்க. சுமங்கலிங்க மட்டும் போடட்டும்."

பூனைக்கு. நான்கு கால் பூனைக்கு.

உட்கார்ந்தேன். எல்லோரும் பார்த்தார்கள், எல்லோரும் பார்க்காததுபோல் இருந்தார்கள். யாரோ என் கையில் பாயசம் கொடுத்தார்கள். சுக்கு மனையை விட்டு இறங்கி, நடுக்கூடத்தைக் கடந்து, நேராக என் மடிக்கு வந்தது. வசுமதி தூக்கிக்கொண்டு போனாள். திரும்பவும் வந்தது. திரும்பவும் தூக்கினாள். மூன்றாம் தரம் அறையில் வைத்துக் கதவைச் சாத்தினார்கள்.

போன வாரம் வரைக்கும் எனக்குக் கொஞ்சம் தயக்கம் இருந்தது. இனி இல்லை. மூன்று குட்டி, ஒரு தாய், போகட்டும். அவள் அழுவதை நான் எதிரில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அப்போதும் நான் மரியாதையாகத்தான் பேசுவேன். வசு, தப்பா எடுத்துக்காதே என்பேன்.

28 ஏப்ரல், திங்கள்

என் பழைய கண்ணாடி வளையல்களை எடுத்துத் துடைத்துத் திரும்ப வைத்தேன். ஒன்று உடைந்திருக்கிறது.

3 மே, சனி

ஓட்டுப் போடும் நாள். காலையிலேயே போனேன். வரிசையில் எனக்கு முன்னால் மேல்வீட்டு மலாய் அம்மா, மக்சிக் ரொகாயா. அவர் வீட்டுப் பூனை ஓரேன், ஊரைக் கூட்டும் தொண்டை. இப்போது சட்டப்படி உரிமம் வாங்கிவிட்டேன் என்று மலாயும் ஆங்கிலமும் கலந்து சொன்னார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். 2023இல் வந்த புகார் ஓரேனைப் பற்றியதாம், எதிர் புளோக்குக்காரர் கொடுத்தது. எந்த மாடி என்று தெரியாமல் அதிகாரி எல்லா வீட்டுக் கதவையும் தட்டியிருக்கிறார். என் பூனையால் உன் பூனை போயிற்று, இத்தனை நாள் சொல்ல வெட்கமாக இருந்தது என்றார்.

பரவாயில்லை என்றேன். ஓட்டுப் போட்டேன். வீட்டுக்கு வந்து துணிகளை மூங்கில் கழியில் கோத்து வெளியே நீட்டினேன்.

அதனால் என்ன. புகார் அவள் கொடுக்கவில்லை, சரி. திருப்பிக் கொடுக்க மாட்டேன் என்றது அவள்தானே. உட்காருங்க என்றது அவள்தானே.

4 மே, ஞாயிறு

ஒன்றும் ஓடவில்லை. டப்பாவை இறக்கினேன், திறக்காமலே ஏற்றினேன். சொல்வதென்றால் இன்றே சொல்ல வேண்டும்.

மழை பெய்தது. துணிகளை உள்ளே எடுத்தேன்.

5 மே, திங்கள்

காலை 8.40. வசுமதி போன். ஆறு மணிக்குச் சுக்கு முக்க ஆரம்பித்ததாம். துணிக்கூடை, வெந்நீர் எல்லாம் தயாராம். அவள் வீட்டுக்காரர் ஜோகூர் போயிருக்கிறார், தனியாக இருக்கிறாள். பயமாக இருக்கிறது, ஆனால் சந்தோஷமாகவும் இருக்கிறது என்றாள்.

10.15. திரும்பப் போன். இந்த முறை குரலில் நிம்மதி.

"அண்ணி, வலி நின்னுடுச்சு போல. முக்கவே இல்ல. பாவம், அசந்து தூங்குது. டாக்டருக்குப் போன் பண்ணவா? நீங்கதான் அத்தனை வருஷம் அங்க இருந்தவங்க, சொல்லுங்க."

இரண்டு மாதமாகக் காத்திருந்த கேள்வி.

"தூங்கட்டும், விடு" என்றேன்.

சரி அண்ணி என்றாள். நீங்கள் இருப்பது எவ்வளவு தைரியம் தெரியுமா என்றாள்.

ரசம் வைத்தேன். சோறு வடித்தேன். சாப்பிட உட்கார்ந்து எழுந்துவிட்டேன். கூடத்தைப் பெருக்கினேன், காலையில்தான் பெருக்கியிருந்தேன்.

12.30. போன் அடித்தது. எடுக்கவில்லை.

வலி நின்றால் நல்லது என்று பார்ப்பவர்களுக்குத் தோன்றும். வலி நிற்பதுதான் மோசம். அது எனக்குக் கடிதத்தைப் படித்துத் தெரிந்ததில்லை. 1988இல் எனக்கும் நின்றது. மாமியார், தூங்கட்டும் விடுங்கள், ராகு காலம் முடிந்து கிளம்பலாம் என்றார். இவர் வேலையில். நான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன், வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. அப்போது பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி, தன் அம்மாவை எதிர்த்துப் பேசிவிட்டு, செருப்புக் கூடப் போடாமல் மெயின் ரோடு வரை ஓடி டாக்சி பிடித்து வந்தாள். பிள்ளை பிழைக்கவில்லை. நான் பிழைத்தேன். இன்னும் அரைமணி போயிருந்தால் தாயும் இல்லை என்று டாக்டர் சொன்னார்.

அந்தப் பெண் வசுமதி. இந்த நோட்டில் அதை நான் இதுவரை எழுதவில்லை.

1.20. டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்புகிறேன். லிஃப்ட் வேலை செய்கிறதா தெரியவில்லை.

6 மே, செவ்வாய்

நேற்று நடந்தது. டாக்சியில் போய் இறங்கியபோது மணி இரண்டு. சுக்கு கூடையில் பக்கவாட்டில் கிடந்தது, வால் பக்கம் பச்சையாக ஏதோ கசிந்திருந்தது. நான் துணியோடு அள்ளினேன். வசுமதி செருப்புப் போட மறந்து என் பின்னால் ஓடி வந்தாள். நான் வேலை பார்த்த மருத்துவமனைக்கே போனோம். பழைய ஆட்கள் என்னைப் பார்த்ததும் நேரே உள்ளே விட்டார்கள்.

இரண்டு குட்டி இறந்தே வந்தன. ஒன்று உயிரோடு. சுக்கின் கருப்பையை எடுத்துவிட்டார்கள். பிழைத்துக்கொண்டது.

டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டே, மூன்று மணிநேரம் முன்னால் வந்திருந்தால் மூன்றும் இருக்கும் என்றார். இதன் தாய்வழியில் இப்படி நடந்ததாக யாருக்காவது தெரியுமா என்று கேட்டார். டப்பா என் மடியில், பைக்குள் இருந்தது. அதைக் கொண்டுபோனதே அதற்குத்தான்.

"தெரியாது டாக்டர்" என்றேன்.

வசுமதி அழுதாள். நான் எதிரில் உட்கார்ந்து பார்த்தேன். இப்படித்தான் பார்க்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். வெறுங்காலோடு, ஒரு காலின் மேல் இன்னொரு காலை வைத்துக்கொண்டு அழுதாள்.

12 மே, திங்கள்

விசாக தினம், விடுமுறை. பத்து மணிக்கு வசுமதியும் அவள் வீட்டுக்காரரும் வந்தார்கள். கையில் கூடை. உள்ளே சுக்கும் குட்டியும். இனச் சான்றிதழ், சிப் எண், தடுப்பூசி அட்டை எல்லாவற்றையும் மேசையில் அடுக்கினாள். உரிமத்தை என் பெயருக்கு மாற்ற வேண்டியதைப் போனிலேயே செய்துவிட்டாளாம்.

பிறகு என் கையைப் பிடித்தாள்.

"எனக்கு இதை வளர்க்கத் தகுதி இல்ல அண்ணி. அது வலியில கிடந்தப்ப நான் தூங்குதுன்னு நெனச்சேன். நீங்க பாக்காமலே, போன்ல, தூங்கட்டும்னீங்க. பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டிருந்த எனக்குத்தானே தெரிஞ்சிருக்கணும். நான்தான் கொன்னுட்டேன். அன்னிக்கு வளைகாப்புல வேற உங்கள உக்கார வெச்சேன். அந்தப் பாவம்தான். என்னை மன்னிச்சிடுங்க."

சொல்வதற்கு அது நல்ல இடம். அவள் வீட்டுக்காரர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். குட்டி கூடையில் நெளிந்தது. டப்பா அலமாரியின் மேல், எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி இருந்தது. பிஸ்கட் டப்பாதானே என்று யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"மன்னிச்சிட்டேன் வசு. அழாதே" என்றேன்.

காப்பி போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டுப் போனார்கள்.

நான் கேட்ட இரண்டும் கிடைத்துவிட்டன.

20 மே, செவ்வாய்

மீன்காரரிடம் அரைக்கிலோ செலார். சர்க்கரை மாத்திரையைக் கூட்டியிருக்கிறார்கள். குட்டிக்குக் கண் திறந்துவிட்டது.

வசுமதி தினமும் சாயங்காலம் போன் செய்கிறாள். சுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்பாள். குவீனி என்று இப்போது சொல்வதில்லை. பிறகு, உண்மையிலேயே மன்னிச்சிட்டீங்களா அண்ணி என்பாள். ஆமாம் என்பேன். இன்றும் சொன்னேன். அவள் ராத்திரியில் தூங்குவதில்லையாம். வீட்டுக்காரர் டாக்டரிடம் கூட்டிப்போகப் போகிறாராம்.

சுக்கு என் மடிக்கு வருவதில்லை. குட்டிக்குப் பால் கொடுத்து முடித்ததும் மற்ற இரண்டையும் தேட ஆரம்பிக்கிறது. துணி மெஷினுக்குள், கட்டிலுக்கு அடியில், அரிசிப் பீப்பாய்க்குப் பின்னால். ஒவ்வொரு இடத்திலும் நின்று வாயைத் திறக்கிறது. கூப்பிடுகிறது, சத்தம்தான் இல்லை. எல்லா இடமும் பார்த்து முடித்த பிறகு அலமாரியின் மேல் ஏறி டப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறது. அங்கிருந்து என்னைப் பார்த்தும் ஒரு தரம் வாயைத் திறக்கும்.

இங்கே இல்லையம்மா என்று நான் பதில் சொல்கிறேன்.